நோ பார்க்கிங் அபராதம் வந்திருக்கிறதா? காசு கட்டும் முன் போட்டோவைப் பாருங்கள்

தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்களுக்கு நடுவே இப்போதெல்லாம் தினமும் இரண்டு பேராவது போனை நீட்டி, "அக்கா, வண்டிக்கு ஃபைன் வந்திருக்குதாம், என்னன்னு பாருங்க" என்கிறார்கள். பாதிக்கு மேல் நோ பார்க்கிங்தான். சிலர் பயந்துபோய் அந்த நிமிடமே கட்டச் சொல்கிறார்கள். சிலர் மெசேஜை அழித்துவிட்டு, போனால் போகிறது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். எனக்கே ஒருமுறை தப்பான அபராதம் வந்து, எழுதிப் போட்டு, ரத்தாகி முடிந்தது. அதையும் கடையில் பார்த்துப் பழகியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் யார் போட்ட அபராதம் என்று தெரிய வேண்டும். "முனிசிபாலிட்டிக்காரங்க ஃபைன் போட்டுட்டாங்க" என்றுதான் நம் ஊரில் பேச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக் காசு வாங்குவது நகராட்சியிடம் ஏலம் எடுத்தவர். அது கட்டணம், அபராதம் கிடையாது. போர்டில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகக் கேட்டால், டோக்கனை வைத்துக்கொண்டு நகராட்சி ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். ரோட்டில் நிறுத்தியதற்கு வருகிற அபராதம் போலீஸ் போடுவது. மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் வரும். முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்த தடவை 1,500 ரூபாய். முன்பு 100 ரூபாயாக இருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகை நடைமுறைக்கு வந்தது. "நூறு ரூபாதானே" என்று இன்னமும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தடவை, இரண்டாம் தடவை என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செய்யாத தப்புக்கு "ஐநூறுதானே, தொலையட்டும்" என்று கட்டினால், அது உங்கள் முதல் தடவையாகப் பதிவாகிவிடும்.

அடுத்தது, வந்த மெசேஜ் உண்மையா என்று பார்ப்பது. இதில் ஏமாந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாலக்கோடு பக்கம் தக்காளி லோடு ஓட்டும் ஒரு அண்ணன் போன வருடம் ஓடி வந்தார். வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு அபராதம், விவரம் காண இந்த ஃபைலைத் திறக்கவும்" என்று வந்திருக்கிறது. கூடவே ஏபிகே என்று முடிகிற ஒரு ஃபைல், அதாவது திறந்தால் போனில் ஒரு செயலியை ஏற்றிவிடும் ஃபைல். மேலே அசோகத் தூண் படம், அவருடைய வண்டி எண்கூடச் சரியாக இருந்தது. திறந்துவிட்டார். போன் தானாக ஏதோ செய்துகொண்டிருந்தது. நெட்டை அணைத்து, சிம்மைக் கழற்றிவிட்டு, என் போனிலிருந்து அவருடைய வங்கிக்கும் 1930-க்கும் பேசினோம். அதற்குள் 9,000 ரூபாய் போயிருந்தது. 1930 என்பது சைபர் குற்ற உதவி எண். பணம் போன உடனே கூப்பிட்டால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. அபராதம் பற்றிய எந்த அரசுத் தகவலும் ஏபிகே ஃபைலாக வராது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் தொடவே தொடாதீர்கள். மெசேஜில் இருக்கும் லிங்கை அழுத்தவும் வேண்டாம். மத்தியப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் இ-சலான், அதாவது ஆன்லைன் அபராதச் சீட்டு பார்க்கும் பக்கத்தை நீங்களே தேடிப் போங்கள். முகவரியின் முடிவில் ஜிஓவி டாட் இன் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே சலான் எண் போட்டுத் தேடலாம். சலான் எண் தெரியாவிட்டால் வண்டி எண்ணும், எஞ்சின் எண் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் போதும். அதனால் கடைக்கு வரும்போது ஆர்.சி. புத்தகத்தையோ அதன் போட்டோவையோ கொண்டு வாருங்கள். ஓடிபி, ஆர்.சி.யில் பதிவான போன் எண்ணுக்குப் போகும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி வாங்கும்போது அவசரத்தில் யாரோ ஒருவர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். கிராமத்து வண்டிகளில் மச்சான் எண், விற்றுக் கொடுத்தவர் எண் என்றுதான் இருக்கிறது. அபராதம் விழுந்ததே தெரியாமல், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கப் போகும் அன்றைக்கு நாலு சலான் ஒன்றாக எதிரே வந்து நிற்கும். பரிவாகன் தளத்திலேயே போன் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. அபராதம் வராவிட்டாலும் இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.

சலான் திறந்ததும் எல்லோர் கண்ணும் தொகைக்குத்தான் போகிறது. போட்டோவைப் பாருங்கள். பெரிதாக்கிப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஆயுத பூஜை முடிந்த வாரம். நான் காலே வைத்திராத வேறு மாவட்டத்து ஊர் ஒன்றில், என் ஸ்கூட்டியை நோ பார்க்கிங்கில் நிறுத்தியதாகச் சலான் வந்தது. காலை 11.40 மணி என்று இருந்தது. அந்த நேரத்தில் நான் கடையில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். போட்டோவைத் திறந்தால், ஒரு மளிகைக் கடை வாசலில் கறுப்பு பைக். என்னுடையது நீல ஸ்கூட்டி. வண்டியே வேறு என்றாலும் எண் எப்படி என்னுடையதாக இருக்கிறது என்று புரியவில்லை. நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் தெரிந்தது. பூஜைக்கு வைத்த சந்தனம் பிளேட்டின் ஓரத்தில் காய்ந்து அப்பியிருந்தது. மேலே ஒரு குங்குமப் பொட்டு. கடைசி எண் 8. அதன் இடப்பக்க வளைவுகள் இரண்டையும் சந்தனம் மூடிவிட்டதால் பார்க்க 3 போலவே இருந்தது. என் வண்டியின் கடைசி எண் 3. பார்த்து எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பணம் கட்ட வேண்டியது நானாக இருந்தது.

சலானில் இருந்த அலுவலகத்தைக் கேட்டுப் பிடித்துப் போன் செய்தேன். "ஐநூறுதானேம்மா, கட்டிட்டு விடுங்க" என்றார் எடுத்தவர். கோபம் வந்தது, ஆனாலும் போனில் வாதாடிப் பயனில்லை. இந்த விஷயத்தில் வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை. எழுத்தில் கொடுத்தால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுதுவதற்கு முன் சாட்சிகளைச் சேர்த்து வைத்தேன். சலானின் பிரிண்ட், அதில் இருக்கும் போட்டோ தனியாகப் பெரிதாக்கி ஒன்று, ஆர்.சி. நகல், என் ஸ்கூட்டியை முன்னால், பின்னால், பக்கவாட்டில் எடுத்த மூன்று படங்கள். ஆர்.சி.யில் வண்டியின் கம்பெனி, மாடல், நிறம் எல்லாம் இருக்கும். அந்த மூன்று வரிகளுக்கும் மார்க்கர் அடித்தேன். வண்டி மாறிய வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அப்புறம் இந்த மனு. உங்கள் விவரத்தைப் போட்டு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைபேசி எண்.
பெறுநர்: காவல் கண்காணிப்பாளர் அவர்கள், மாவட்டக் காவல் அலுவலகம், (சலான் போட்ட மாவட்டம்).
பொருள்: தவறான வாகன எண்ணில் பதிவான மின் சலானை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.
பார்வை: சலான் எண், நாள், நேரம், இடம்.

ஐயா, வணக்கம். மேற்கண்ட சலான் எனது வாகன எண்ணுக்குப் பதிவாகியுள்ளது. சலானில் உள்ள புகைப்படத்தில் இருப்பது கறுப்பு நிற மோட்டார் சைக்கிள். எனது வாகனம் நீல நிற ஸ்கூட்டர். பதிவுச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். புகைப்படத்தில் உள்ள வாகனத்தின் கடைசி எண் 8. சந்தனப் பூச்சால் அது 3 எனத் தவறாகப் படிக்கப்பட்டுள்ளது. பெரிதாக்கிய படத்தை இணைத்துள்ளேன். குறிப்பிட்ட நாளில் எனது வாகனம் அந்த ஊரில் இல்லை. எனவே இந்தச் சலானை ரத்து செய்து, எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். நான் ஏழை, பிள்ளைகள் படிக்கிறார்கள், போலீஸ் அராஜகம் என்றெல்லாம் எழுதச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மனுவைப் படிப்பவர் ஒரு நாளைக்கு நூறு மனு பார்க்கிறார். எந்தச் சலான், எங்கே தப்பு, என்ன சாட்சி என்பது மூன்றாவது வரிக்குள் அவர் கண்ணில் பட வேண்டும்.

வெளி மாவட்டம் என்பதால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்தேன். நம் மாவட்டத்துச் சலான் என்றால் நேரிலேயே போகலாம். புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் பொதுமக்கள் மனு வாங்குவார்கள். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத நகல் வெறும் காகிதம். அதே நாளில் இ-சலான் தளத்தில் புகார் பதியும் பகுதியிலும் இதே விவரத்தைப் போட்டு, ஆவணங்களை ஏற்றி, புகார் எண்ணை எழுதி வைத்தேன். பதில் வராமல் இழுத்தடித்தால் முதல்வரின் முகவரி திட்டத்தின் 1100 எண்ணில் இந்தப் புகார் எண்ணையும் தபால் ரசீது எண்ணையும் சொல்லலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. 23-ஆவது நாள் தளத்தில் பார்த்தபோது என் வண்டியின் பேரில் நிலுவை எதுவும் இல்லை.

சலானில் கெடு தேதி போட்டிருந்தால் அதற்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். இன்னொன்று, ரத்து கேட்கப்போகிறவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்காதீர்கள். கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டு சமரசம் ஆனதாகக் கணக்கு முடிந்துவிடும். அதன்பின் அந்தக் காசைத் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம்.

வண்டியும் நம்முடையது, நிறுத்தியதும் நாம்தான், ஆனால் அங்கே போர்டே இல்லை என்பது இன்னொரு வகை. இதற்குப் போர்டைப் படிக்கத் தெரிய வேண்டும். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு என்றால் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல இருந்தால் அங்கே நிற்கவே கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே பலர் அபராதம் கட்டுகிறார்கள். அதே சமயம் எல்லா இடத்துக்கும் போர்டு தேவை என்றும் நினைக்க வேண்டாம். நடைபாதை, பாலம், வளைவு, பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், ஆஸ்பத்திரி வாசல், அடுத்தவர் வீட்டு கேட், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை, இங்கெல்லாம் போர்டு இல்லாவிட்டாலும் நிறுத்துவது தப்புதான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு "போர்டு இல்லைங்க" என்று மனு எழுதச் சொன்னால் நான் எழுதித் தரமாட்டேன். ஆம்புலன்ஸ் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

போர்டு நிஜமாகவே இல்லை, அல்லது மறைந்திருந்தது என்றால் சாட்சியை அப்போதே எடுக்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் கடைத்தெருவில் வண்டியை விட்ட ஒரு தம்பிக்கு அபராதம் விழுந்தது. போர்டு இருந்த கம்பத்தை ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் முழுசாக மூடியிருந்ததாம். மறுநாள் போட்டோ எடுக்கப் போனால் பேனரைக் கழற்றிவிட்டார்கள். போர்டு பளிச்சென்று நிற்கிறது. அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காட்ட ஒன்றும் இல்லாமல் கட்ட வேண்டியதாயிற்று. அதனால் அபராதம் என்று தெரிந்த நிமிடமே நின்ற இடத்திலிருந்து தெருவின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். அருகில் இருக்கும் கடையின் பெயர்ப் பலகை படத்தில் விழட்டும். இடம் இதுதான் என்பதற்கு அதுவே ஆதாரம்.

போர்டு விஷயத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். சலான் போட்ட காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம். இந்த இடத்தை வண்டி நிறுத்தக் கூடாத பகுதியாக அறிவித்த உத்தரவின் நகலையும், என் சலானுக்கான புகைப்படத்தின் நகலையும் தரவும் என்று இரண்டே கேள்விகள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பழைய வண்டிக்கு வரும் அபராதம் தனித் தலைவலி. "29, 30-ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்க்கா, வண்டி என்னுது இல்ல" என்பார்கள். படிவம் 29-இல் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, அது ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ச் சேர வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர். விற்ற ரசீது, வாங்கியவரின் ஆதார் நகல் இரண்டையும் மனுவோடு வைத்துப் பாருங்கள், கையோடு பெயர் மாற்றத்தையும் முடியுங்கள். ரசீதே எழுதாமல் விற்றிருந்தால் வாங்கியவரைத் தேடிப் பிடிப்பது ஒன்றுதான் வழி.

காவல்துறை ரத்து செய்ய மறுத்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகலாம். கோர்ட் என்றதும் பயப்பட வேண்டாம். குற்றத்தை மறுக்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. குற்றத்தை நிரூபிப்பது அபராதம் போட்டவர்கள் பொறுப்பு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானக் கணக்கு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். சலான் நிலை கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று காட்டினால் அதன்பின் போலீஸ் அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை, கோர்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

தப்பு நம்முடையதுதான் என்றால் தயங்காமல் கட்டிவிடுங்கள். தளத்திலேயே யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை. பணம் கணக்கிலிருந்து போய்விடும், சலான் மட்டும் நிலுவை என்றே காட்டும். நெட் மெதுவாக இருக்கும் நாளில் இது அடிக்கடி நடக்கிறது. பதற்றத்தில் மறுபடி கட்டாதீர்கள். நிலுவையில் நிற்கும் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதி அதே தளத்தில் இருக்கிறது. அங்கே சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, வங்கி மெசேஜை வைத்துப் புகார் பதியுங்கள்.

கட்டியதோ, ரத்தானதோ, எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் கழித்துத் தளத்தில் மறுபடி வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிலுவை இல்லை என்று காட்டும் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள். என் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில், பாலிதீன் கவரில், அந்த மனு நகலும் தபால் ரசீதும் இன்னும் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு இப்போதும் சந்தனம் வைக்கிறேன், ஹெட்லைட்டுக்கு மேலே மட்டும்.